சோமாசி விற்றவர்களும் கிளப் கட்டியவர்களும்

பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் பல இடங்களில் மறிக்கப்பட்டுவிடுகிறது. அந்த இடங்களில் ஒன்று பேத்தமங்களா. கோலார் தங்கவயலிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு இரண்டு விசேஷங்கள் உண்டு. தங்கவயல் பல தலைமுறைகளாகக் குடித்தது இந்த ஊர் ஏரித் தண்ணீரைத்தான். சுரங்கத்துத் துரைமார்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு பிக்னிக் வந்து படகு விட்டதும் இதே ஏரியில்தான்.

பழைய கல்வெட்டுகளில் இந்த ஊர் விஜயாதித்ய மங்கலம். வாணர், கங்கர், நுளம்பர் என்று பல அரச வம்சங்களின் கைமாறிய ஊர். உடைந்த ஏரிக்கரையை நுளம்பர் காலத்தில் செப்பனிட்டதாகச் செய்தி இருக்கிறது. மைசூர் சமஸ்தானத்தில் இது ஒரு தாலுகாவின் தலைமையிடமாகவும் இருந்தது. ரயில் பாதை இந்த ஊரைத் தொடாமல் போனது. வியாபாரம் ரயிலைத் தேடிப் போயிற்று. தாலுகா கச்சேரியும் அதன் பின்னாலேயே பௌரிங்பேட்டைக்கு, அதாவது இன்றைய பங்காரப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. பேத்தமங்களாவிடம் மிஞ்சியது தண்ணீர். பக்கத்தில் தங்கம் தோண்டியவர்களுக்கு அது தேவைப்பட்டது.

அந்தத் தங்கம் தோண்டியவர்கள் யார்? 'வெள்ளைக்காரர்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர்களில் கணிசமானவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கார்ன்வால் என்ற மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். வெள்ளீயமும் செம்பும் தோண்டியே வயிறு வளர்த்த பூமி அது. 1866-ல் செம்பு விலை சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. 1861-லிருந்து 40 ஆண்டுகளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கார்ன்வாலை விட்டு வெளியேறியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். பூமியில் எங்கே குழி தோண்டியிருந்தாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று ஒரு பேச்சு அந்தக் காலத்தில் வழங்கியது.

இப்படிக் கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவுக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் கோலாருக்கு வந்தார்கள். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே மதம், ஒரே சாப்பாடு. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்கள் வாழ்ந்த விதம் ஒன்றாக இல்லை. அமெரிக்காவுக்குப் போனவர்கள் அமெரிக்கர்களாகிவிட்டார்கள். கோலாருக்கு வந்தவர்கள் கடைசிவரை கார்ன்வால்காரர்களாகவே இருந்துவிட்டுக் கப்பலேறினார்கள். சீதோஷ்ணம், தோல் நிறம், ஏகாதிபத்தியம் என்று இதற்குக் காரணங்களை அடுக்கலாம். எல்லாமே உண்மைதான். அவற்றோடு சேர்க்க வேண்டிய இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யார் யாரிடம் வியாபாரம் செய்தார்கள் என்பதுதான் அது.

இரண்டு கதைகளையும் ஒரு பெயர் இணைக்கிறது: ஜான் டெய்லர். 1779-ல் பிறந்த இந்தச் சுரங்க எஞ்சினியர் 1824-ல் லண்டனில் பங்குதாரர்களைத் திரட்டி, மெக்ஸிகோவின் ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்கங்களை எடுத்து நடத்தத் தொடங்கினார். கார்ன்வாலிலிருந்து ஆட்களும் நீராவி எஞ்சின்களும் கப்பலில் போயின. துறைமுகத்தில் இறங்கியதும் மஞ்சள் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் கனமான இரும்புச் சாமான்களை மலையேற்றிக்கொண்டுபோய்ச் சுரங்கத்தை ஓட்டினார்கள். லாபம் வரவில்லை. 1849-ல் கம்பெனி கைமாறியது.

கம்பெனி போனாலும் ஆட்கள் எல்லோரும் திரும்பவில்லை. இன்றும் ரியல் டெல் மோன்டேயில் மலைமேல் ஓர் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கீழே ஊருக்குள் தெருவுக்குத் தெரு 'பாஸ்தே' விற்கும் கடைகள் இருக்கின்றன. கார்ன்வாலின் 'பேஸ்டி'தான் மெக்ஸிகோ வாயில் பாஸ்தே ஆகிவிட்டது. மாவை வட்டமாகத் தட்டி, நடுவே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் இனத்துக் கிழங்கு ஒன்று ஆகியவற்றை வைத்துப் பாதியாக மடித்து, ஓரத்தை முறுக்கி அடுப்பில் சுடுவது பேஸ்டி. நம் ஊர் சோமாசியைப் பெரிதாக்கி, எண்ணெய்ச் சட்டிக்குப் பதிலாக பேக்கரி அடுப்பில் வைத்தால் எப்படியிருக்கும், கிட்டத்தட்ட அதுதான். சுரங்கத்துக்குள் தட்டு, கரண்டி இல்லாமல் கையில் பிடித்துத் தின்ன வசதியானது. மெக்ஸிகோவில் அதற்குள் மிளகாயும் அவரை விதையும் அன்னாசியும் புகுந்துவிட்டன. வாங்கித் தின்பவர்களில் கார்ன்வால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இதே ஜான் டெய்லரின் வாரிசுகள் நடத்திய 'ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்' நிறுவனம்தான் 1880-ல் கோலாருக்கு வந்தது. அதற்கு முன்பே இங்கே தங்கம் இருக்கிறது என்பது தெரிந்த விஷயம். 1802-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தபோது, கிராமத்து ஆட்கள் மண்ணை அலசித் தங்கப் பொடி எடுப்பதைப் பற்றி எழுதிவைத்தார். 1871-ல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் பெங்களூரிலிருந்து வந்து பார்த்தார். நியூசிலாந்தில் போர் முடித்து, அங்கே தங்க வேட்டையையும் பார்த்துவிட்டு வந்தவர் அவர். மைசூர் சமஸ்தானத்திடம் அவர் அனுமதியும் வாங்கினார். ஆனால் ஆழமாகத் தோண்டுவதற்கு வேண்டிய பணம் அவரிடம் இல்லை. பணமும் கார்ன்வால் அனுபவமும் டெய்லர் நிறுவனத்திடம் இருந்தன. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று நான்கு பெரிய சுரங்கக் கம்பெனிகள் அதன் நிர்வாகத்தில் நடந்தன. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக ஆனது.

டெய்லர் நிறுவனத்தின் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1894-ல் தங்கவயலுக்கு ரயில் கிளைப் பாதை வந்தது. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து மின்சாரம் வந்தது. இந்தத் திட்டத்துக்கான மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துடையவை. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-ல். பேத்தமங்களாவில் பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கி, வடிகட்டி, குழாய் வழியாகத் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி, மாதாகோவில், பள்ளிக்கூடம், கோல்ஃப் மைதானம், கிளப் எல்லாம் எழுந்தன. 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரும் கிடைத்தது.

இந்தக் குட்டி இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரர் எதற்காக மாற வேண்டும்? பங்களா கம்பெனி தந்தது. தோட்டக்காரன், பட்லர், ஆயா என்று வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். சமையல்காரர் துரைசானியின் ருசியைப் படித்துக்கொண்டார். துரைசானி சமையல்காரரின் ஊர் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நோய் வந்தால் கம்பெனி ஆஸ்பத்திரி. பொழுது போகவில்லை என்றால் கிளப். அலுத்துப்போனால் பேத்தமங்களா ஏரியில் படகு. தங்கம் போய்ச் சேர்ந்தது லண்டனுக்கு. லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்களும் லண்டனில். இந்த ஊரில் இருந்த ஒருவரிடம்கூடத் தன் சரக்கை விற்க வேண்டிய அவசியம் சுரங்கத் துரைக்கு இல்லை. வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் பணிவு வளர்வதில்லை. மொழியும் வளர்வதில்லை.

அமெரிக்காவுக்குப் போன கார்ன்வால்காரர்களுக்கு இந்தச் சொகுசு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் கிராஸ் வேலி என்று ஒரு மலையூர். 1850-ல் அங்கே பாறைக்குள் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்று மணலை அலசத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பாறையைக் குடைந்து இறங்கத் தெரிந்தவர்கள் குறைவு. கார்ன்வால்காரர்களைத் தேடி ஆள் அனுப்பினார்கள். வேலை காலியாகும்போதெல்லாம் 'ஊரில் என் தம்பி ஜாக் இருக்கிறான்' என்று இவர்கள் சொன்னதால்தான் 'கசின் ஜாக்' என்று இவர்களுக்குப் பட்டப்பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. ஊர்க்காரனை வேலைக்கு இழுத்துவரும் பழக்கம் கோலார் மேஸ்திரிகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

இவர்கள் அங்கே துரைகள் அல்ல, கூலிக்காரர்கள். வாடகை கொடுத்துக் குடியிருந்தார்கள். புருஷன் சுரங்கத்தில் செத்தாலோ, நுரையீரல் கெட்டுப் படுத்தாலோ மனைவிதான் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். தெரிந்த தொழில் சமையல். தனியாக வந்த ஆண்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும் விடுதிகளை இப்படிப் பெண்கள் நடத்தினார்கள். பேஸ்டி சுட்டு விற்றார்கள். வாங்க வந்தவர்கள் எல்லா ஊர்க்காரர்களும்தான். அவர்களுடைய பேச்சு புரிய வேண்டும், நாக்கு புரிய வேண்டும், கடன் சொன்னால் முகம் பார்த்து எடைபோடத் தெரிய வேண்டும். ஒரு தேசத்தைப் படித்துக்கொள்ள இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது.

இதைச் சொல்லும்போது கார்ன்வால்காரர்களைப் புனிதர்களாக்கிவிடக் கூடாது. 1869-ல் கிராஸ் வேலியில் அவர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிதாக வந்த டைனமைட் மருந்தை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். அது வந்தால் பாறையில் துளை போட இரண்டு பேருக்குப் பதில் ஒருவர் போதும். அனுபவமில்லாதவர்களும் அந்த வேலைக்கு வந்துவிடலாம். சீனர்களை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. புதிதாகக் குடியேறியவன் தனக்குப் பின்னால் வருபவனைக் கண்டு பயப்படுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அமெரிக்கனாக மாறுவதில் இதுவும் ஒரு படி போலிருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தின் வடக்கில் நடந்தது இன்னும் ருசிகரமானது. செம்புச் சுரங்கங்களுக்குக் கார்ன்வால்காரர்கள் முதலில் போனார்கள். பின்னால் பின்லாந்துக்காரர்கள் வந்தார்கள். கையில் பிடித்துத் தின்னும் இந்தப் பண்டம் அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. அவர்களும் சுட்டார்கள், அவர்களும் கடை போட்டார்கள். இரண்டு தலைமுறையில், பேஸ்டி என்பது பின்லாந்துப் பலகாரம் என்று நம்புகிறவர்கள் உருவாகிவிட்டார்கள். கார்ன்வால்காரர்கள் பேஸ்டிக்குள் கேரட்டைச் சேர்க்க மாட்டார்கள், அது பாவம். மிச்சிகனில் கேரட் தாராளமாகப் போடுகிறார்கள். மேலே தக்காளி சாஸ் ஊற்றுவதா, இறைச்சிக் குழம்பு ஊற்றுவதா என்பதுதான் அங்கே இப்போதைய சண்டை. கார்ன்வால்காரர்கள் 2011-ல் ஐரோப்பிய யூனியனில் புவிசார் குறியீடு வாங்கி, தங்கள் ஊரில் செய்வதற்கு மட்டுமே 'கார்னிஷ் பேஸ்டி' என்ற பெயர் என்று கட்டிப்போட்டார்கள். மிச்சிகன்காரர்கள் அதைக் கேட்டுத் தூக்கத்தைத் தொலைத்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. 2005-ல் கார்ன்வாலிலிருந்து போன ஒருவர் அரிசோனா பாலைவனத்தில் டெம்பி என்ற ஊரில் பேஸ்டி கடை திறந்தார். வெயில் கொளுத்தும் ஊரில் சுடச்சுட இறைச்சி அடைத்த மாவுப் பண்டம் யார் வாங்குவார்கள் என்று தோன்றும். கடை வளர்ந்து வேறு ஊர்களுக்கும் பரவியது. அதன் பட்டியலில் பழைய கார்ன்வால் வகைக்குப் பக்கத்திலேயே சிக்கன் டிக்கா மசாலா பேஸ்டியும் இருக்கிறது. கோலாரில் 70 ஆண்டுகளுக்கு மேல் இருந்த கார்ன்வால்காரர்கள் செய்யாத கலப்பு, இந்தியாவைத் தொடாமலேயே அரிசோனாவில் நடந்துவிட்டது.

அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தப்போகும் பிரிட்டிஷ்காரருக்கு இப்போதெல்லாம் மஞ்சள் காய்ச்சல் பயம் இல்லை. வேறு பயங்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் போவது 'ஈ-2' என்ற முதலீட்டாளர் விசாவில். இந்த விசாவுக்கு அமெரிக்காவோடு வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்ட நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும். பிரிட்டனின் உடன்படிக்கை 1815-ல், வாட்டர்லூ போர் நடந்த ஆண்டில் கையெழுத்தானது. கணிசமான தொகையைத் தொழிலில் போட வேண்டும். தன் குடும்பத்துக்குச் சோறு போடுவதற்கு மட்டும் அந்தத் தொழில் போதுமானதாக இருந்தால் செல்லாது. விசாவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், ஆனால் அதுவே நிரந்தரக் குடியுரிமைக்குக் கதவு திறக்காது. கடையை மூடினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கூடப் போன பிள்ளைக்கு 21 வயது முடிந்தால் அப்பாவின் விசா அதற்குச் செல்லாது. அந்த ஊரிலேயே படித்து வளர்ந்த பிள்ளை தனி விசா தேட வேண்டும் அல்லது பார்த்தே இராத 'தாய்நாட்டுக்கு'த் திரும்ப வேண்டும்.

சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் இதற்கு மேல். மொழி ஒன்றுதான் என்று நம்பிப் போனால், அங்கே 'சிப்ஸ்' என்றால் வறுவல், 'பிஸ்கெட்' என்றால் ஒரு வகை ரொட்டி. பிரிட்டனில் ஒழுங்காகக் கடன் அடைத்த சரித்திரத்தை அமெரிக்க வங்கி மதிக்காது. 50 வயதுக்காரர் நேற்றுப் பிறந்தவரைப் போலக் கடன் அட்டைக்கு மன்றாட வேண்டும். பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வைத்தியம் பார்த்துப் பழகியவர், தனக்கும் குடும்பத்துக்கும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டும்போதுதான் நாடு மாறியதை முழுசாக உணர்வார். கடையில் எழுதியிருக்கும் விலை ஒன்று, வரி சேர்த்துக் கல்லாவில் கேட்கும் தொகை வேறு. பரிமாறுபவரின் சம்பளத்தில் பெரும்பகுதி டிப்ஸிலிருந்து வருகிறது என்பது புரிவதற்குள் சில பேருடைய முறைப்பை வாங்கிக்கொண்டாக வேண்டும். ஆனாலும் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்கு வேறு வழியில்லை. ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

இந்தியா அந்த உடன்படிக்கை நாடுகளின் பட்டியலில் இல்லை. நெடுஞ்சாலையோர மோட்டல்களைக் கைப்பற்றிய குஜராத்தி படேல்கள் வேறு கதவுகள் வழியாக நுழைந்தவர்கள். அவர்களும் கல்லாவுக்குப் பின்னால் நின்றுதான் அமெரிக்காவைப் படித்தார்கள். தூங்க இடம் கேட்டு நடுராத்திரி வரும் லாரிக்காரரிடம் பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் அவர்களுடையது.

கோலாருக்குத் திரும்புவோம். துரைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் நடுவில் ஒரு சமூகம் இருந்தது. ஃபோர்மேன், நர்ஸ், ஆசிரியை, ரயில்வே ஊழியர் என்று ஆங்கிலோ இந்தியர்கள். அவர்கள் வீட்டுக் குசினியில் கலப்பு நடந்தது. நம் மிளகு ரசம் 'பெப்பர் வாட்டர்' ஆயிற்று. கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் மஞ்சள் சோறும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாயிற்று. 1947-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார் அந்தச் சமையலையும் அந்த வாழ்க்கையையும் புத்தகங்களாக எழுதியிருக்கிறார். தாய்நாடு என்று நினைத்துப் போன பிரிட்டனில் இவர்கள் இந்தியர்களாகத் தெரிந்தார்கள். இந்தியாவில் இருந்தபோது இங்கிலீஷ்காரர்களாகத் தெரிந்தவர்கள். கிளப்பின் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்குத்தான் எப்போதும் இந்தக் கஷ்டம்.

ஆனால் தங்கவயலில் உண்மையில் குடிபெயர்ந்து, உண்மையில் மாறியவர்கள் தமிழர்கள். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். நிலமில்லாமல், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையில்லாமல், பஞ்சத்தில் அடிபட்டு வந்தார்கள். கம்பெனி கொடுத்த தட்டிக் குடிசையிலும் லைன் வீட்டிலும் இருந்தார்கள். பாறை வெடித்துச் செத்தார்கள், தூசு அடைத்த நுரையீரலோடு செத்தார்கள். அடையாள அட்டைக்கு விரல் ரேகை கேட்டபோது, 'நாங்கள் என்ன திருடர்களா?' என்று 1930-ல் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

இன்னொரு விஷயம் துரைமார்களின் குறிப்புகளில் அதிகம் இருக்காது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் சென்னையில் நடத்திய 'தமிழன்' பத்திரிகை அவர் மறைவுக்குப் பின் நின்றுபோய், 1926-ல் தங்கவயலிலிருந்து ஜி.அப்பாதுரையார் ஆசிரியராக மறுபடி வந்தது. சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டு விற்றது. கிளப்பில் பில்லியர்ட்ஸ் நடந்துகொண்டிருந்த அதே ஊரில், சுரங்கக் கூலிகள் தங்கள் சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு புத்தகக் கடையைத் தாங்கினார்கள். தங்கவயலின் சிறுதொழில் வரலாறு என்று யாராவது எழுதினால் அது முதல் அத்தியாயத்தில் இடம்பெற வேண்டும்.

1956-ம் ஆண்டு இரண்டு ஊர்களுக்கும் திருப்புமுனை. அந்த ஆண்டு கிராஸ் வேலியின் பெரிய சுரங்கமான எம்பயர் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கோலார் சுரங்கங்களை மைசூர் மாநில அரசு எடுத்துக்கொண்டது. டெய்லர் நிறுவனத்தின் காலம் முடிந்தது. 1962-ல் சுரங்கங்கள் மத்திய அரசிடம் போயின. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் பிறந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று அதுவும் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைக் கொடுத்த பூமியில், மூவாயிரத்துக்கும் அதிகமானோர் வேலையிழந்தார்கள்.

கிராஸ் வேலி மூடியபின் செத்துவிடவில்லை. அங்கே கம்பெனியை நம்பாத கடைகள், பட்டறைகள், சொந்த வீடுகள் இருந்தன. 1975-ல் கலிஃபோர்னியா அரசு எம்பயர் சுரங்கத்தை வரலாற்றுப் பூங்காவாக்கியது. பார்க்க வருகிறவர்களுக்குப் பேஸ்டி விற்க ஆட்கள் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கார்ன்வால் பாட்டுகளைப் பாடும் குழு இன்றும் இருக்கிறது. தங்கவயலில் கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி விளக்கு, கம்பெனித் தண்ணீர், கம்பெனி வீடு. எல்லாம் கம்பெனியுடையது என்றால், கம்பெனி போகும்போது ஊரில் மிஞ்சுவது என்ன? சயனைடு கலந்த மண் மேடுகள் மிஞ்சின. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும் தூசு மிஞ்சியது. 1964-ல் தொடங்கிய பெமல் தொழிற்சாலை கொஞ்சம் தாங்கியது. ஆனால் ஒரு சுரங்க ஊர் முழுவதையும் தாங்க அதனால் ஆகவில்லை.

ஆகவே மறுபடி மாறியவர்கள் தமிழர்களே. விடியும் முன்னே மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், கட்டடத்திலும் கார்மென்ட் கம்பெனியிலும் கம்ப்யூட்டர் அலுவலகங்களின் காவல் கூண்டிலும் வேலை பார்த்துவிட்டு, இரவு அதே ரயிலில் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும், சந்தையில் தெலுங்கும் உருதும் என்று நாக்கைத் திருப்பிப் பழகிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கம்பெனி பங்களா இல்லை. தாத்தா வந்த கிராமத்தில் நிலமும் இல்லை. 'ஊருக்குத் திரும்பிப் போவது' என்ற வார்த்தைக்கே அர்த்தமில்லாதவர்கள், இருக்கும் இடத்தை ஊராக்கிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

பேத்தமங்களாவின் தண்ணீரும் கிட்டத்தட்ட இதே கதைதான். மைசூரும் மதராஸும் 1892-ல் செய்துகொண்ட நதிநீர் ஒப்பந்தத்தின் பட்டியலில் பாலாறும் உண்டு. மேலே புதிதாக அணை கட்ட வேண்டும் என்றால் கீழே இருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். வட ஆற்காட்டை நோக்கிப் போகவேண்டிய ஆற்றின் தண்ணீரில் ஒரு பங்கு, வட ஆற்காட்டை விட்டு வந்தவர்களின் லைன் வீட்டுக் குழாயில் வந்தது. பாலாறு வறண்டுவிட்டது என்று வேலூர்ப் பக்கத்து விவசாயி புலம்பும்போது, அவருடைய சொந்தக்காரரே தங்கவயலில் அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோதுதான் கீழே இருப்பவர்கள் ஆற்றை ஆறாகப் பார்த்தார்கள்.

வெளிநாட்டில் போய்க் கடை போடுகிறவர் எவ்வளவு சீக்கிரம் அந்த நாட்டுக்காரராகிறார் என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அவருடைய மனப்பக்குவம், படிப்பு, மொழி என்று ஆராய்கிறார்கள். கோலாரையும் கிராஸ் வேலியையும் சேர்த்துப் பார்த்தால் விடை அவ்வளவு சிக்கலாக இல்லை. தேவையிருந்தவர்கள் மாறினார்கள். தேவையில்லாதவர்களுக்கு கிளப் போதுமாக இருந்தது. இதில் நியாயமில்லாத அம்சம் ஒன்றுண்டு. மாறாமலே இருந்தவர்கள் போகும்போது ஓய்வூதியமும் பயணச் செலவும் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று முறை மாறிய லைன் வீட்டுக்காரர், அந்த வீடு தன் பெயரில் எப்போது எழுதப்படும் என்று மனு கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 21 வயதுப் பிள்ளையின் விசாவுக்காகக் கவலைப்படும் பேஸ்டி கடைக்காரருக்கு இவருடைய கவலை புரியும். அவருடைய முப்பாட்டன் யாராவது கோலாரில் துரையாக இருந்திருந்தால், அவருக்குப் புரிந்திருக்காது.